ஆறாவது வாரத்து அழுகை: கைக்குழந்தையைத் தேற்றும் முறைகள் குறித்து

பிறந்து முப்பது, நாற்பது நாளான குழந்தை பொழுது சாயும் நேரத்தில் வீறிட்டு அழத் தொடங்குகிறது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டியாயிற்று. அழுகை நிற்கவில்லை. தமிழ்நாட்டின் பல வீடுகளில் அடுத்து எழும் பேச்சு, "பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கும்" என்பதுதான். கழுத்தோ தோளோ பிசகிக்கொண்டது என்பது அதன் பொருள். தெருவில் உரம் எடுக்கத் தெரிந்த பாட்டி ஒருவர் இருப்பார். பழைய நூல் சேலையை விரித்துக் குழந்தையை நடுவில் கிடத்துவார்கள். இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றி உயர்த்த, குழந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல உருளும். சில ஊர்களில் எண்ணெய் தடவி முதுகை நீவி விடுவதும் உண்டு. பல நேரங்களில் அழுகை நின்றுவிடும். சேலையை மடித்து வைத்துவிட்டுப் பாட்டி எழுந்து போவார்.

அழுகை நின்றது உண்மை. ஆனால் உரம் எடுத்ததால்தான் நின்றதா? இந்தக் கேள்வியை உரத்திடம் மட்டுமல்ல, கிரைப் வாட்டரிடமும், வசம்பிடமும், மருந்துக்கடைச் சொட்டு மருந்திடமும், "தூக்கித் தூக்கிக் கைச்சூடு பழக்கிவிட்டாய்" என்று சொல்லும் அறிவுரையிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. எந்த முறை அழுகையை நிறுத்துகிறது, எது நிறுத்தியதாகப் பெயர் வாங்குகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

1. அழுகைக்கு ஒரு கணக்கு உண்டு

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்ற பழமொழி அழுகையை ஒரு கோரிக்கையாகப் பார்க்கிறது. கேட்டது கிடைத்தால் அழுகை ஓய வேண்டும். பெரும்பாலான அழுகைகள் அப்படித்தான். ஆனால் முதல் மூன்று மாதத்தில் இந்தக் கணக்குக்குள் அடங்காத அழுகை ஒன்றும் இருக்கிறது.

1962இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசல்டன், 80 குழந்தைகளின் தாய்மாரிடம் அன்றாட அழுகையைக் குறித்துவைக்கச் சொன்னார். இரண்டாவது வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரமாக இருந்த அழுகை, ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாக ஏறியது. பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் கீழே இறங்கியது. இவை நோயில்லாத, நன்றாகப் பால் குடித்து வளர்ந்த குழந்தைகள். மாலை வேளையில் அழுகை மிகும் என்பதும் அந்தக் குறிப்புகளில் தெரிந்தது.

2017இல் டீட்டர் வோல்கேயும் சக ஆய்வாளர்களும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து மறுகணக்கிட்டனர். முதல் ஆறு வாரங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம், பத்து முதல் பன்னிரண்டு வாரங்களில் ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடம் என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. பிரேசல்டன் கண்ட ஆறாவது வாரத்து உச்சி எல்லா ஆய்விலும் அதே கூர்மையோடு தெரியவில்லை. ஆனால் ஆறாவது வாரத்துக்குப் பின் வரும் சரிவில் ஐயமில்லை. தொகுப்பில் இடம்பெற்ற நாடுகள் பெரும்பாலும் மேற்கத்தியவை என்ற குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மிகுந்து அழும் குழந்தைகளை 'கோலிக்' என்ற பெயரால் மருத்துவம் அழைக்கிறது. நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் கோலிக் என்று 1954இல் மோரிஸ் வெசல் குழுவினர் வகுத்த இலக்கணம் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. 2016இல் வெளியான 'ரோம் 4' வரையறை, மருத்துவர் பயன்பாட்டுக்கு இந்த மூன்றுகளின் கணக்கைக் கைவிட்டது. ஐந்து மாதத்துக்குள் தொடங்கி ஐந்து மாதத்துக்குள் முடிகிற, வெளிப்படையான காரணம் தெரியாத, பெற்றோரால் அமர்த்த முடியாத அழுகை என்பதே இப்போதைய இலக்கணம். கோலிக் என்ற சொல்லின் வேரில் குடல் இருந்தாலும் இலக்கணத்தில் குடல் இல்லை. அழும் குழந்தை காலை மடக்கி, வயிறு இறுகி, முகம் சிவப்பதைப் பார்ப்பவருக்கு வயிற்றுவலி என்று தோன்றுவது இயல்பு. எதற்காக அழுதாலும் குழந்தையின் உடம்பு அப்படித்தான் இறுகும்.

நோயால் வரும் அழுகை இல்லை என்பதல்ல. கனடாவின் டொரான்டோ நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, காய்ச்சல் இல்லாமல் அழுகை காரணமாகக் கொண்டுவரப்பட்ட 237 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2009இல் வெளியானது. அவர்களில் 5.1 விழுக்காட்டினருக்குக் கவனிக்க வேண்டிய நோய் இருந்தது. முதன்மையானது சிறுநீர்ப்பாதைத் தொற்று. காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, அழுகை ஈனமாகிப்போவது ஆகியவற்றோடு வரும் அழுகை வேறு வகை. அது மருத்துவரிடம் போக வேண்டியது. கீழே வருவதெல்லாம் எஞ்சிய பெரும்பான்மையைப் பற்றியது.

2. மருந்துகள் பெயர் வாங்கிய விதம்

தானாக ஏறித் தானாக இறங்கும் ஒன்றுக்கு மருந்து கண்டுபிடிப்பது எளிது. வீட்டார் பொறுமை இழந்து மருந்து தேடுவது அழுகை உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பின் சரிவுதான். அந்த வாரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அடுத்த வாரம் அது 'கேட்ட' மருந்தாகிவிடும்.

இதைச் சோதனையிலேயே பார்க்கலாம். வயிற்று வாயுவைக் கரைக்கும் என்று விற்கப்படும் சிமெத்திகோன் சொட்டு மருந்தை, இரண்டு முதல் எட்டு வாரக் குழந்தைகள் 83 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 1994இல் வெளியானது. ஒரே குழந்தைக்கு ஒரு காலம் மருந்தும் இன்னொரு காலம் போலி மருந்தும் தரப்பட்டன. எது எப்போது என்று பெற்றோருக்குத் தெரியாது. மருந்துக் காலத்தில் மட்டும் தேறிய குழந்தைகள் 28 விழுக்காடு. போலி மருந்துக் காலத்தில் மட்டும் தேறியவை 37 விழுக்காடு. இரண்டிலும் தேறியவை 20 விழுக்காடு.

தமிழ்நாட்டு வீடுகளின் கிரைப் வாட்டர் புட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்னும் மருந்தாளுநர் அதை விற்கத் தொடங்கினார். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் பரவிய மலேரியா போன்ற காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு மருந்துதான் அதன் மூலம். சதகுப்பை விதை எண்ணெய், சோடியம் பைகார்பனேட், சர்க்கரை, அத்துடன் ஆல்கஹால் ஆகியவை அதில் இருந்தன. ஆல்கஹால் அளவு 3.6 விழுக்காடு. பிரிட்டனில் 1992இல்தான் அது நீக்கப்பட்டது. இந்தியாவில் அந்தப் புட்டியின் புகழுக்குத் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றும் காரணம்: அழும் குழந்தை, பதறும் இளம் தாய், 'உனக்கும் இதைத்தான் கொடுத்தேன்' என்ற தொனியில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் நம்பிக்கை. உனக்குக் கொடுத்தோம், நீ வளர்ந்தாய் என்பதுதான் சான்று. எந்த மருந்துக்கும் இந்தச் சான்று கிடைக்கும்.

கிரைப் வாட்டரைக் கொடுத்தவுடன் குழந்தை சில நிமிடம் அடங்குவதைப் பலர் கண்ணால் கண்டிருப்பார்கள். சர்க்கரைப் பாகு அதை விளக்கப் போதுமானது. நாக்கில் பட்ட இனிப்பு, ஊசி போடும்போது பச்சிளங்குழந்தையின் அழுகையைக் குறைக்கும் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. அந்தப் பலன் சில நிமிடங்களுக்குத்தான். தாய்ப்பாலே இதே வேலையைச் செய்யும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

வீட்டு மருந்துகளும் இந்த விசாரணைக்கு விலக்கல்ல. உரைகல்லில் சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பு ஆகியவற்றை இழைத்துக் கொடுக்கும் உரை மருந்து இன்றும் வழக்கில் இருக்கிறது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்ற பெயரும், பெயரைச் சொல்லவே கூடாதென்று 'பேர் சொல்லா மருந்து' என்ற பெயரும் உண்டு. அதிலுள்ள பீட்டா-அசரோன் என்னும் பொருள் ஆய்வக எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தரும். கையளவில் இழைக்கும் மருந்தில் அளவு எது, மீறல் எது என்பதை எந்த உரைகல்லும் காட்டாது.

குழந்தையை அடக்குவதில் உண்மையாகவே வல்ல மருந்துகளும் இருந்தன. அவைதான் ஆபத்தானவை. 1849 முதல் அமெரிக்காவில் விற்ற 'மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்' மார்ஃபின் கலந்தது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லிகளின் பட்டியலில் வைத்தது. பம்பாயில் பஞ்சாலைப் பெண்கள் வேலைக்குப் போகும்முன் 'பால கோலி' என்னும் அபின் உருண்டையைக் கைக்குழந்தைக்குக் கொடுத்ததை அக்காலத் தொழிலாளர் விசாரணைகள் பதிவு செய்துள்ளன. நெருங்கிய காலத்தில், குடல் இறுக்கத்தைத் தளர்த்தும் டைசைக்ளோமின் மருந்து கோலிக்கைக் குறைத்தது. 1980களில் அது குழந்தைகளுக்கு மூச்சுத் தடையை உண்டாக்குவது தெரியவந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அதன் மேல் இப்போது விலக்கு இருக்கிறது.

மருந்துகளில் நம்பிக்கை தரும் ஒன்றே ஒன்று, 'லாக்டோபசிலஸ் ரியூட்டரி' என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிரி. 2018இல் வெளியான தொகுப்பாய்வு, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கோலிக் குழந்தைகளுக்கு அது ஓரளவு உதவுவதாகவும், புட்டிப்பால் குழந்தைகளுக்கு உதவும் என்று சொல்லச் சான்று போதாது என்றும் முடித்தது.

3. தூக்குவதா, விடுவதா

தூக்கிப் பழக்கினால் குழந்தை கெட்டுவிடும் என்ற எச்சரிக்கை தமிழ்ப் பாட்டிகளுக்கு மட்டும் சொந்தமில்லை. 1894இல் லூதர் எம்மெட் ஹோல்ட் எழுதிய குழந்தை வளர்ப்புக் கையேடு, அழுகையைக் குழந்தையின் உடற்பயிற்சியாகக் கருதி நாளுக்குச் சிறிது நேரம் அழ விடச் சொன்னது. 1928இல் உளவியலாளர் ஜான் பி. வாட்சன், கொஞ்சுவதையும் முத்தமிடுவதையுமே தவிர்க்கச் சொன்னார்.

இதற்கு எதிர்க்குரல் 1972இல் சில்வியா பெல், மேரி எய்ன்ஸ்வொர்த் இருவரிடமிருந்து வந்தது. பால்டிமோரில் 26 தாய்களையும் குழந்தைகளையும் ஓராண்டு வீட்டிலேயே கவனித்த அவர்கள், முதல் மாதங்களில் அழுகைக்கு உடனே ஓடிவந்த தாயின் குழந்தை பிற்காலத்தில் குறைவாக அழுதது என்றனர். சிறிய எண்ணிக்கை, கணக்கிட்ட முறை ஆகியவற்றின் மேல் கடும் விமரிசனம் எழுந்தது. 1991இல் நெதர்லாந்தில் ஹப்பர்ட், வான் ஐசென்டோர்ன் இருவரும் 50 குழந்தைகளிடம் இதைத் திரும்பச் சோதித்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. சிணுங்கலுக்கு உடனே ஓடாத வீடுகளில் அழுகைத் தடவைகள் சற்றுக் குறைந்திருந்தன. ஆக, உடனே தூக்கினால் நல்ல பிள்ளையாகும் என்பதற்கோ, தூக்கினால் கெட்டுவிடும் என்பதற்கோ இந்த வழக்கில் தீர்ப்பு இல்லை.

தூக்கிவைத்திருப்பதன் நேரடிப் பலன் என்ன என்பதற்குத் தெளிவான விடை 1986இல் கிடைத்தது. மான்ட்ரியலில் ஊர்ஸ் ஹுன்சிக்கரும் ரொனால்ட் பாரும் 99 தாய்மாரில் ஒரு பகுதியினரை, குழந்தை அழாதபோதும் சேர்த்து, நாளுக்கு மூன்று மணி நேரமாவது தூக்கிவைத்திருக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் அந்தக் குழந்தைகளின் அழுகை 43 விழுக்காடும், மாலை அழுகை 51 விழுக்காடும் குறைந்திருந்தது. பலர் இந்த ஆய்வோடு நின்றுவிடுகிறார்கள். 1991இல் அதே பார், ஏற்கெனவே கோலிக் என்று கண்டறியப்பட்ட குழந்தைகளைத் தூக்கிப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

இந்த முரணுக்கு விளக்கம் 2006இல் இயன் செயின்ட் ஜேம்ஸ்-ராபர்ட்ஸ் குழுவினர் செய்த ஒப்பீட்டில் இருக்கிறது. லண்டன் பெற்றோர், கோபன்ஹேகன் பெற்றோர், குழந்தையை நாளுக்கு 15, 16 மணி நேரம் உடம்போடு வைத்திருப்பதைக் கொள்கையாகக் கொண்ட பெற்றோர் என மூன்று பிரிவுகள். மற்ற இரு பிரிவினரையும்விட லண்டன் குழந்தைகள் முதல் வாரங்களில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுதனர். ஆனால் எதைச் செய்தும் அமர்த்த முடியாத அழுகை மூன்று பிரிவிலும் ஒரே அளவில் இருந்தது. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வாழும் !குங் மக்கள் குழந்தையை நாள் முழுதும் உடம்போடு வைத்து, அழுதால் சில நொடிகளில் கவனிப்பவர்கள். அங்கும் அழுகை நேரம் குறைவு. ஆனால் முதல் மாதங்களில் ஏறி இறங்கும் அந்த வளைவு அப்படியே இருந்தது.

அழுகை இரு பகுதியாகப் பிரிகிறது என்பதே இதிலிருந்து பெறப்படுவது. ஒன்று, அணைத்தால் குறைவது. மற்றொன்று, வயதோடு வந்து வயதோடு போவது. முதலாவதில் பெற்றோரின் செயலுக்குப் பலன் உண்டு. இரண்டாவதில் பெற்றோரின் செயலுக்குப் பலனுமில்லை, பழியுமில்லை.

4. சேலையின் அசைவு, பாட்டின் நேரம்

இப்போது உரம் எடுத்த பாட்டியிடம் திரும்பலாம். அவர் சொன்ன காரணத்துக்குச் சான்றில்லை. அவர் செய்த செயலுக்கு உண்டு. உடம்பைச் சுற்றி இதமாக இறுகும் பழைய துணி, சீரான அசைவு, பழகிய கைகள். தோளில் போட்டு நடப்பதிலும் தூளியில் ஆட்டுவதிலும் இருப்பவை இவையே.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தாய் தூக்கிக்கொண்டு நடக்கும்போது குழந்தையின் இதயத் துடிப்பு உடனே தணிந்தது. உட்கார்ந்து வைத்திருந்தால் அந்தத் தணிவு வரவில்லை. எலிக்குட்டிகளைக் கழுத்தில் பிடித்துத் தூக்கும்போதும் இதே அமைதி வந்தது. தாய் சுமந்துகொண்டு இடம் மாறும்போது குட்டி அடங்கிக் கிடப்பது உயிர் பிழைக்க உதவும் பழைய ஏற்பாடு என்பது அவர்கள் விளக்கம். 2022இல் 21 குழந்தைகளிடம் செய்த அடுத்த ஆய்வு நடைமுறைக்கு வந்தது: ஐந்து நிமிடம் நடை, தூங்கியதும் உடனே கிடத்தாமல் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருத்தல், பிறகு கிடத்துதல். குழந்தை விழித்துக்கொள்வது பாயில் முதுகு படும்போதல்ல, தாயின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும்போது என்பதும் அதில் தெரிந்தது.

தூளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். உத்தரத்தில் கட்டிய நூல் சேலையாக இருந்தாலும், அடுக்குமாடி வீட்டில் கொக்கியும் ஸ்பிரிங்கும் போட்ட தொட்டிலாக இருந்தாலும், அது ஆட்டுவதற்கு நல்லது. ஆள் பார்வையில்லாத நீண்ட தூக்கத்துக்கு அல்ல. துணி வளையும்போது சின்னக் குழந்தையின் தாடை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சுப்பாதை மடங்கக்கூடும். சாய்வு 10 பாகைக்கு மேற்பட்ட குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடுத்தது. சமதளத்தில் மல்லாக்கக் கிடத்துவதே இன்றைய மருத்துவப் பரிந்துரை.

பாட்டு என்ன செய்கிறது? நாக்கைக் குறிக்கும் 'தால்' என்ற சொல்லிலிருந்து தாலாட்டு வந்தது என்பது பரவலான விளக்கம். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம். பெரியாழ்வார் கண்ணனுக்கும் குலசேகராழ்வார் ராமனுக்கும் தாலாட்டுப் பாடினர். நாட்டார் தாலாட்டுகளில் தாய்மாமன் கொண்டுவரும் சீரும், பிறந்த வீட்டுப் பெருமையும், அடித்தது யார் என்ற விசாரிப்பும் திரும்பத் திரும்ப வரும். நாற்பது நாள் குழந்தைக்கு இதில் ஒரு சொல்லும் புரியாது. பொருளில்லாமலே பாட்டு வேலை செய்கிறது என்பதை ஆய்வுகள் ஒப்புக்கொள்கின்றன. 2016இல் வெளியான ஒரு மான்ட்ரியல் ஆய்வில், கேட்டறியாத துருக்கிப் பாட்டு குழந்தைகளை ஏறத்தாழ ஒன்பது நிமிடம் அழாமல் வைத்திருந்தது. பேச்சு ஏறத்தாழ நான்கு நிமிடமே வைத்திருந்தது. அவை ஆறு மாதம் கடந்த குழந்தைகள் என்பதால், ஆறாவது வாரத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

அப்படியானால் அந்தச் சொற்கள் யாருக்கு? பேறு முடிந்து தூக்கமிழந்து இருட்டில் உட்கார்ந்திருக்கும் பெண், தன் மனத்தாங்கலை யாரும் குறை சொல்ல முடியாத ஒரு வடிவத்தில் உரக்கச் சொல்லிக்கொள்ள அந்தப் பாட்டு இடம் கொடுத்தது. தாலாட்டின் சொற்கள் தாயைத் தேற்றின. ஓசை பிள்ளையைத் தேற்றியது என்று இதைப் படிக்கலாம்.

5. தேற்றப்பட வேண்டிய இன்னொருவர்

இது வெறும் இலக்கியக் குறிப்பல்ல. நிற்காத அழுகையின் மிகக் கொடிய விளைவு குழந்தையின் வயிற்றில் நடப்பதில்லை. அதைத் தூக்கியிருப்பவர் கையில் நடக்கிறது. ஆத்திரத்தில் பிடித்து உலுக்கினால் பச்சிளங்குழந்தையின் மூளையில் ரத்தம் கசியும், பார்வை போகும், உயிரும் போகும். 2006இல் பாரும் மற்றவர்களும் கலிஃபோர்னிய மருத்துவமனைப் பதிவுகளை வயதுவாரியாக அடுக்கியபோது, உலுக்கப்பட்டுச் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் வரைகோடு அழுகையின் வளைவைச் சில வாரப் பின்தங்கலோடு ஒட்டிச் சென்றது.

இதைத் தடுக்க, பிரசவம் முடிந்து வீடு திரும்பும் பெற்றோருக்கு அழுகையின் வளைவைச் சொல்லிக்கொடுக்கும் திட்டங்கள் வந்தன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அத்தகைய காயங்களுக்கான மருத்துவமனைச் சேர்க்கை 35 விழுக்காடு குறைந்ததாக 2018இல் அறிக்கை வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவிலும் பென்சில்வேனியாவிலும் மாநில அளவில் நடந்த முயற்சிகளில் அப்படிக் குறையவில்லை. கனடாவில் செவிலியர் பிரசவ அறையில் ஒரு முறையும் வீட்டுக்குப் போய் மறுமுறையும் சொன்னார்கள் என்பது வேறுபாட்டின் ஒரு பகுதியாக இருக்கலாம். துண்டுத்தாளை மட்டும் நம்பிப் பயனில்லை என்பது இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம்.

6. நாற்பத்திரண்டாம் நாள்

சான்றுகளைத் தொகுத்தால் தீர்ப்பு இப்படி அமையும். தூக்குதல், நடத்தல், ஆட்டுதல், பாடுதல், பால் கொடுத்தல் ஆகியவற்றுக்குப் பலன் உண்டு, கெடுதல் இல்லை. கைச்சூடு பழகிவிடும் என்ற அச்சத்துக்கு முதல் மூன்று மாதத்தில் ஆதாரமில்லை. கிரைப் வாட்டரும் உரை மருந்தும் வாங்கிய பெயர் காலத்தின் பெயர். இவை அனைத்துக்கும் அடங்காத அழுகை ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. அது வரும்போது குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நிற்பது, வேறொருவர் கையில் கொடுப்பது ஆகியவை தாயின் தோல்வி அல்ல.

இந்தியாவில் 2011இல் தொடங்கிய தேசிய வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் களப்பணியாளர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். அதன்பின் வரும் அடுத்த திட்டத்தின் வீட்டு வருகை மூன்றாவது மாதத்தில்தான் தொடங்குகிறது. கடைசி வருகையான நாற்பத்திரண்டாம் நாளே ஆறாவது வாரத்தின் கடைசி நாள். முதல் தவணைத் தடுப்பூசிக்கும் அதுவே நேரம். எடையும் ஊசியும் பதிவாகும் அந்த நாளில், அழுகை இத்தனை மணி நேரம் இருக்கும், பன்னிரண்டாவது வாரத்துக்குள் குறைந்துவிடும், எந்த நிலையிலும் குழந்தையை உலுக்கக் கூடாது என்ற மூன்று செய்திகளைத் தாயிடமும் தந்தையிடமும் நேரில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதற்குப் புதிய திட்டமோ தனி நிதியோ தேவையில்லை. தாய்-சேய் நல அட்டையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.